அம்பலம் கையெழுத்துப் போட்டால் ஊர் மணல் யாருடையது?

கேள்வி: ஐயா வணக்கம். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் இருக்கும் மீனவ கிராமம் எங்களுடையது. 140 தலைக்கட்டு, அதாவது ஊர்க்கணக்கில் 140 குடும்பம். அம்பலம், அதாவது ஊர்த் தலைவர் பொறுப்பு, ஒரே குடும்பத்தில்தான் வருகிறது. இப்போதைய அம்பலம் எனக்குப் பெரியப்பா முறை. ஊருக்குக் கிழக்கே நான்கு ஏக்கர் போல மணல்மேடு இருக்கிறது. வலை, கருவாடு, கடல்பாசி எல்லாம் அங்கேதான் காய்கிறது. ஒரு பாசி கம்பெனி அங்கே உலர்களமும் கிட்டங்கியும் கட்ட 30 வருடக் குத்தகை கேட்கிறது. லாபத்தில் ஊருக்குப் பங்கு தருவார்களாம், அம்பலம் கையெழுத்து மட்டும் போதுமாம். வி.ஏ.ஓ. அது புறம்போக்கு என்கிறார். பெரியப்பா வீட்டுச் சாமி அறையில் ராமநாதபுரம் சேதுபதி மன்னர் கொடுத்த செப்புப் பட்டயம் இருக்கிறது; பொங்கலுக்குப் பொங்கல் துலக்கிப் பூஜை செய்வோம். கனடாவில் வேலை பார்க்கும் என் தம்பி, அங்கே பரம்பரைத் தலைவர்கள் கோர்ட்டில் ஜெயித்திருக்கிறார்கள், நாமும் அம்பலம் பெயரில் பட்டா கேட்கலாம் என்கிறான். கேட்கலாமா?

பதில்: கேட்க வேண்டாம். கையெழுத்தும் வேண்டாம். அந்த மணலை ஊர் கையில் வைத்துக்கொள்ள வேறு வழி இருக்கிறது. கொஞ்சம் மெதுவான வழி.

தம்பி சொன்னதில் பாதி சரி, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிட்க்சான், வெட்சுவெட்டன் என்ற இரண்டு ஆதிக்குடிகளின் பரம்பரைத் தலைவர்கள் சுமார் 58,000 சதுர கிலோமீட்டர் தங்களுடையது என்று வழக்குப் போட்டார்கள். அவர்களிடம் பத்திரம் கிடையாது. ஒவ்வொரு வம்சத்துக்கும் உரிய கதையும் பாட்டும்தான் ஆவணம். ஒரு மூதாட்டி கோர்ட்டிலேயே பாடத் தயாரானபோது, தனக்குப் பாட்டுக் காது கிடையாது என்று சொன்னார் நீதிபதி. 1991இல் வழக்கு தோற்றது. 1997 டிசம்பரில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், வாய்மொழி வரலாற்றையும் சாட்சியமாக மதிக்க வேண்டும் என்று சொல்லி மறுவிசாரணைக்கு அனுப்பியது. நிலத்தைக் கொடுக்கவில்லை. நிலம் உங்களுடையதுதான் என்று அந்த நீதிமன்றம் ஓர் ஆதிக்குடிக்கு முதன்முதலாக அறிவித்தது 2014இல். அது சில்கோட்டின் என்ற வேறொரு குடிக்கு.

தம்பி கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. அந்த உரிமை தலைவருடையது இல்லை, மொத்தக் குடிக்கும் பொதுவானது என்று 1997 தீர்ப்பே சொல்கிறது. அரசைத் தவிர வேறு யாருக்கும் அதை விற்கவும் முடியாது. இன்னொன்றும் சொல்கிறேன், இது உங்கள் கதைக்கு ரொம்பவே பக்கம். அதே வெட்சுவெட்டன் பகுதி வழியாக எரிவாயுக் குழாய் போட வந்த கம்பெனி, தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில்களிடம் ஒப்பந்தம் வாங்கியது. பரம்பரைத் தலைவர்கள் மறுத்தார்கள். 2019, 2020 இரண்டு வருடமும் போலீஸ் உள்ளே போனது. அங்கே தேர்ந்தெடுத்தவர்களிடம் போனார்கள். இங்கே கிராம சபையைத் தாண்டி அம்பலத்திடம் வருகிறார்கள். எந்தக் கதவு ஒருக்களித்துக் கிடக்கிறதோ அதுதான் கம்பெனிக்கு வாசல்.

அந்தச் சட்டம் இங்கே செல்லுமா என்றால், செல்லாது. அங்கே 1982 அரசியல் சட்டத்திலேயே ஆதிக்குடி உரிமைக்கு ஒரு பிரிவு இருக்கிறது. நம் நாட்டில் அதற்குக் கிட்டத்தில் வருவது 2006 வன உரிமைச் சட்டம், அது காட்டுக்கு. கடற்கரைக்கு அப்படி ஒரு சட்டம் இதுவரை இல்லை.

பட்டயத்துக்கு வருவோம். அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் ராமநாதபுரம் 1803இல் ஜமீன் ஆனது; சுதந்திரத்துக்குப் பிறகு 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் 3ஆம் பிரிவைப் பெரியப்பாவுக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். பொது நிலம், புறம்போக்கு, தரிசு, மீன்பாடு, ஓடத்துறை என்று வரிசையாகப் பெயர் சொல்லி, வில்லங்கம் எதுவும் ஒட்டாமல் அரசுக்குச் சேரும் என்கிறது. சேதுபதி கொடுத்தது உண்மையாகவே இருக்கட்டும், அந்தக் கொடை இந்தச் சட்டத்தைத் தாண்டி வந்து இன்று பட்டாவாக மாறாது. அதற்கும் முந்திய 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டமோ, உச்ச அலைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் கடல்தரை அரசுடையது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டது. வி.ஏ.ஓ. சொன்னது சட்டப்படி தப்பில்லை.

சரி, எப்படியோ ஆளைப் பிடித்து அம்பலம் பெயரில் பட்டா வாங்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். பட்டா கிடைக்காமல் போவதைவிட எனக்கு அதுதான் பயம்.

நான் நில அளவையில் இருந்த காலத்தில் ஒரு கடற்கரை ஊருக்கு உட்பிரிவு செய்யப் போனேன். ஊரில் எட்டு வருடம் மகமை (ஊர்ப் பொது வரி) பிடித்து 60 சென்ட் வாங்கி, வலை பின்னக் கொட்டகை போட்டிருந்தார்கள். பத்திரம் யார் பெயரில் என்றதும் யாரும் யோசிக்கவில்லை, அம்பலம் பெயரில்தான். அவர் போய்ச் சேர்ந்தார். பரிவட்டம் மூத்த மகனுக்கு வந்தது. நிலம் அப்படி வரவில்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் சம பங்கு. வெளியூரில் கட்டிக் கொடுத்த இரண்டு பெண்கள் பங்கு கேட்டார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? அப்பா பெயரில் பத்திரம் இருக்கிறது, கேட்டார்கள். நான் அளவுச் சங்கிலியை இழுத்துக்கொண்டு போனபோது அது கொட்டகையின் நடுத்தூணில் போய் இடித்தது. கொட்டகைக்குள் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஊசியை நிறுத்தாமலே கேட்டார்: “நான் இருக்கிறது இப்ப யாரு பங்குலப்பா?”

வழக்கம் அம்பலம் பதவியை ஒருவருக்குக் கொடுக்கும். சட்டம் அம்பலத்தின் சொத்தை வாரிசுகள் எல்லோருக்கும் பிரிக்கும். இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் ஊர் சொத்து குடும்பச் சொத்தாகிவிடும். வேறு மதமென்றால் பங்குக் கணக்கு மாறும், விளைவு இதேதான்.

கம்பெனி கேட்கும் குத்தகைக்கு வருகிறேன். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அரசு நிலத்தைப் பற்றிய குத்தகைப் பத்திரத்தை உரிய அனுமதி இல்லாமல் சார்பதிவாளர் பதியக்கூடாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடுக்கிறது. இது கம்பெனி வக்கீலுக்குத் தெரியாதா? தெரியும். அப்புறம் எதற்கு அந்தக் கையெழுத்து? நாளைக்கு அரசிடம் குத்தகைக்கு மனுப் போடும்போது, ‘ஊருக்கு ஆட்சேபணை இல்லை’ என்று கோப்பில் சேர்க்க. என் கணிப்பு இதுதான். வலமாவூரில் பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியதிலிருந்து இந்தப் பக்கத்து மணலைப் பார்க்கும் பார்வையே மாறியிருக்கிறது.

இனி செய்ய வேண்டியது. முதலில் புல எண்ணைக் கண்டுபிடியுங்கள். நான்கு ஏக்கர் என்கிறீர்கள். அது ஒரே எண்ணாக இருக்காது. ஒரு துண்டு கடற்கரைப் புறம்போக்கு, ஒரு துண்டு தரிசு, ஓரத்தில் கொஞ்சம் நத்தம், அதாவது குடியிருப்பு நிலம்கூட இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. ‘ஏ’ பதிவேடு (ஊர் நிலக் கணக்கு), புலப்படம், கிராம வரைபடம் மூன்றின் நகலையும் வாங்குங்கள். தராமல் இழுத்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் மனுப் போடுங்கள். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெரியப்பாவையும் பாசி காயப்போடும் பெண்கள் நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். எந்த இடத்தில் எது காய்கிறது, எந்த மாதத்தில் எதுவரை தண்ணீர் ஏறும் என்பதெல்லாம் அந்தப் பெண்களுக்கு அடி அடியாகத் தெரியும். அதைப் பென்சிலால் குறியுங்கள். யாருக்காவது எப்போதாவது பி மெமோ (ஆக்கிரமிப்பு நோட்டீஸ்) வந்து அபராதம் கட்டியிருந்தால் அந்த ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள். நிலம் அரசுடையது என்று அது சொன்னாலும், நீங்கள் அங்கே எப்போதிலிருந்து இருக்கிறீர்கள் என்பதையும் அதே தாள்தான் சொல்லும்.

அடுத்து கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம். இதைப் பற்றித்தான் நம் ஊர்களில் அதிகம் பேசுவதில்லை. மீனவர் குடியிருப்பு, மீனவரின் பொதுச் சொத்து, மீன் உலர்த்தும் இடம் ஆகியவற்றை இந்த வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் 2011 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலேயே இருக்கிறது. 2019இல் வந்த புதிய அறிவிக்கையும் இந்த வரைபடத்தை வைத்துத்தான் ஓடுகிறது. கடலோரத்தில் யார் என்ன கட்ட வந்தாலும் அதிகாரிகள் முதலில் விரிக்கிற தாள் இதுதான். அதில் உங்கள் மணல்மேடு வெறும் மணலாக இருந்தால் ‘காலி இடம்’, ‘மீன் உலர்களம்’ என்றிருந்தால் நிலைமை வேறு. இதைப் பார்க்க மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் ஒரு குழு உண்டு. அதில் பாரம்பரியக் கடலோரச் சமூகத்தவர், மீனவர் உட்பட, குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் அந்த 3 பேர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பென்சில் குறிப்புப் போட்ட வரைபடத்தோடு போய்ப் பாருங்கள்.

கூடவே கிராம சபைத் தீர்மானம். வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது, அதில் ஒன்றைப் பிடியுங்கள். ‘இந்த நிலம் எங்கள் ஊருக்குச் சொந்தம்’ என்று எழுதாதீர்கள். எழுதினால் நாளைக்கு அரசு வக்கீல் அதை வைத்தே மடக்குவார். இப்படி எழுதுங்கள்: ‘மேற்படி புல எண்களில் உள்ள மணற்பரப்பை இவ்வூர் மீனவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வலை, மீன், பாசி உலர்த்தப் பொதுவாகப் பயன்படுத்தி வருகின்றன, இதைச் சமூகப் பயன்பாட்டுக்கு ஒதுக்கி வைக்கவும், வெளியாருக்குக் குத்தகை விடாதிருக்கவும் கோருகிறோம்.’ நம் சட்டத்தில் வழக்கம் என்பது சொத்துரிமைப் பத்திரம் இல்லை, ஆனால் பயன்பாட்டுக்கு நல்ல சாட்சி. 1882 வசதி உரிமைச் சட்டமே, ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தில் மாடு மேய்க்கும் வழக்கத்தை உதாரணமாகச் சொல்கிறது. மாடு மேய்க்கலாம் என்றால் பாசி காயப்போடுவதையும் வாதாடலாம்.

அம்பலத்துக்கு இதில் வேலையே இல்லையா என்று பெரியப்பா வருத்தப்படலாம். வேலை இருக்கிறது, பெரிய வேலை. விஷயம் கோர்ட்டுக்குப் போனால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரே அக்கறையுள்ள பலருக்காகச் சிலர் வழக்காட வழி உண்டு. ஊருக்காக அப்படி நிற்க அவரைவிடப் பொருத்தமானவர் யார்? எல்லையும் வழக்கமும் பற்றி அவர் சொல்லும் சாட்சியத்துக்கும் எடை உண்டு. ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லி வையுங்கள்: கம்பெனியை ஆதரிக்கிற வீட்டை ஊர்க்கட்டுப்பாடு போட்டு விலக்கி வைக்க வேண்டாம். அன்றைக்கே வழக்கு நிலத்தை விட்டு உங்கள் ஊர்க் கமிட்டி மேல் திரும்பிவிடும்.

வருமானமும் வேண்டும் அல்லவா? கம்பெனியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மணலைக் கொடுக்காதீர்கள், பாசியை விற்றுக்கொள்ளுங்கள். அதற்குப் பாசிப் பெண்களையே உறுப்பினராக வைத்து கூட்டுறவுச் சங்கமோ உற்பத்தியாளர் நிறுவனமோ தொடங்கலாம். உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு 10 பேர் போதும். தலைக்கட்டுக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். ஆண் பெயரில் தலைக்கட்டு எண்ணி லாபத்தைப் பிரித்தால், கழுத்தளவுத் தண்ணீரில் 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையைக் கட்டி 45 நாள் பார்த்துக்கொண்ட பெண்ணுக்குக் கிடைப்பது வீட்டுக்காரர் கொடுத்தால்தான். பாம்பன் பக்கம் சின்னப்பாலம் பெண்களைப் பாருங்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று அவர்களே கூடிக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தது. அவர் பரம்பரைத் தலைவர் இல்லை.

ஒப்பந்தம் போடும்போது விலையைவிட எடையைப் பாருங்கள். பத்து கிலோ பச்சைப் பாசி காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான். ஈரப்பதம் எவ்வளவு இருக்கலாம், மண்ணுக்கு எவ்வளவு கழிவு, தராசு யாருடையது, எடை போடும்போது கூட நிற்பது யார் என்று நாலு வரி எழுதி வாங்காவிட்டால், விலையில் கொடுப்பதைக் கழிவில் பிடித்துவிடுவார்கள். முன்பணம் வாங்கினால் இன்னும் கவனம். முன்பணம் வாங்கிய ஊருக்கு வேறு வியாபாரி வாசலுக்கே வரமாட்டார். லாபத்தில் பங்கு என்ற பேச்சை நான் நம்புவதில்லை. லாபம் எவ்வளவு என்று கணக்கு எழுதுவது அவர்கள்.

கடைசியாகப் பட்டயம். பொங்கலுக்குத் துலக்குவோம் என்றீர்கள், புளி போட்டுத்தானே? தயவுசெய்து நிறுத்துங்கள், எழுத்து தேயும். சாயங்கால வெயிலில் பக்கவாட்டு வெளிச்சம் விழும்படி வைத்து இரண்டு பக்கமும் படம் எடுங்கள். தொல்லியல் துறையிலோ கல்வெட்டு வாசிக்கத் தெரிந்தவரிடமோ படித்து எழுதி வாங்குங்கள். அதில் உங்கள் ஊர்ப் பெயரோ எல்லையோ இருந்தால் கிராம சபைத் தீர்மானத்தோடு ஒரு நகலைச் சேருங்கள். அசல் பெரியப்பா வீட்டிலேயே இருக்கட்டும்.