சாமிக்கு விட்டது

அன்புள்ள ஐயா,

காங்கயம் பக்கத்தில் எங்கள் கூட்டத்தாரின் குலதெய்வக் கோயில் இருக்கிறது. ஓடு வேய்ந்த சிறிய கோயில். அதைப் பெரிதாக எடுத்துக் கட்டி, முன்னால் ஒரு மண்டபமும் எழுப்பலாமா என்று சாமியிடம் பூ வைத்துக் கேட்டதில் உத்தரவு கிடைத்துவிட்டது. மண்டபம் வரவேண்டிய இடத்தில் பழைய வெள்வேல மரம் ஒன்று நிற்கிறது. எங்கள் கூட்டத்தார் மட்டுமல்லாமல் சுற்று வட்டாரத்தில் பலரும் அதனடியில் உருவாரம், அதாவது நேர்ந்துகொண்ட மண் பொம்மைகள், வைப்பார்கள். கோயிலுக்கு வடபுறம் வெற்று நிலம் இருந்தும், மரத்தை வெட்டிவிடலாம் என்று கமிட்டியில் முடிவாகியிருக்கிறது. "சாமி கருவறையில் இருக்கிறது, மரம் வெறும் மரம்தானே" என்கிறார்கள் பெரியவர்கள். பொறியியல் படிக்கும் என் அக்கா மகனோ, "அப்படியென்றால் கல்லும் வெறும் கல்தானே மாமா" என்று கேட்டான். இரு தரப்புக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு பொருளில் புனிதம் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது நாமாக ஏற்றிச் சொல்வதுதானா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அக்கா மகன் கேட்டது நல்ல கேள்வி. அதை வயதுக் குறும்பு என்று தள்ளிவிடாமல் என்வரை கொண்டுவந்தமைக்கு நன்றி. கமிட்டிப் பெரியவர்களும் அவனும் எதிரெதிராகப் பேசுவது போலத் தோன்றினாலும், புனிதம் என்பது ஒரு பொருளுக்குள் இருந்தாக வேண்டிய சத்து என்ற ஒரே நினைப்பிலிருந்துதான் இருவரும் பேசுகிறார்கள். கல்லுக்குள் அது உண்டு, மரத்துக்குள் இல்லை என்பது பெரியவர்களின் கணக்கு. இரண்டுக்குள்ளும் இல்லை என்பது அவனுடைய கணக்கு. நம் ஊர்ப் பேச்சு இந்த வழியில் யோசித்ததே இல்லை.

'புனிதம்' என்ற சொல்லை என் அப்பத்தா பேசி நான் கேட்டதில்லை. அவரிடம் இருந்தது ஒரு வினைச்சொல்: விடுதல். சாமிக்கு விட்ட காளை, சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய், சாமிக்கு விட்ட காடு. கொறங்காட்டில், அதாவது நம் மேய்ச்சல் காட்டில், கிளுவை வேலிக்குள் நிற்கும் வெள்வேல மரத்தை நாம் என்ன செய்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அதன் நிழலில் மாடு படுக்கும், உதிரும் காயை ஆடு தின்னும், தேவைப்பட்டால் கிளையைக் கழித்து விறகாக்குவோம், பணமுடை வந்தால் மரத்தையே விலைபேசிக் கொடுத்துவிடுவோம். அதே வெள்வேலம் கோயில் எல்லைக்குள் நின்றால், விறகு இல்லாமல் அடுப்பு அணைந்த வறட்சி ஆண்டிலும் அதன்மேல் அரிவாள் விழாது. இரண்டு மரங்களுக்கும் பட்டை ஒன்று, முள் ஒன்று, பூ ஒன்று. வேறுபாடு மரத்தில் இல்லை, மரத்தின்முன் நம் கை என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. எடுக்க முடிந்தும் எடுக்காமல், விற்க முடிந்தும் விற்காமல், தலைமுறை தலைமுறையாக ஒரு ஊரே கையைக் கட்டிக்கொண்டு நின்ற இடம் எதுவோ, அதைத்தான் நாம் சாமிக்கு விட்டது என்கிறோம்.

நீங்கள் குறிப்பிட்ட உருவாரங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கு நோய் தீர்ந்தால் மண்ணில் செய்த மாடு, கால் வலி தீர்ந்தால் மண்ணில் செய்த கால், பிள்ளை பிறந்தால் மண் பிள்ளை. வைத்துவிட்டுத் திரும்பிய பிறகு அதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை, உடைந்தால் ஒட்டவைப்பதும் இல்லை. மழையில் கரைந்து, வெயிலில் வெடித்து, எந்த மண்ணிலிருந்து வந்ததோ அந்த மண்ணாகவே அது ஆகிவிடுகிறது. அந்த மண் காலின்மீது அதை வைத்தவருக்கு இனி உரிமை இல்லை. சிறுவயதில் இப்படிச் சிதைந்து கிடந்த குதிரைகளுக்கிடையே நடக்கும்போது எனக்கு ஏற்பட்ட அடக்கம், பின்னாளில் பளிங்கு பதித்த எத்தனையோ பெரிய கோயில்களில் எனக்கு வாய்க்கவில்லை.

உங்களுக்கு அருகில் இருக்கும் சிவன்மலை முருகன் கோயிலில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. ஆண்டவன் உத்தரவுப் பெட்டியைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பக்தர் ஒருவருடைய கனவில் ஒரு பொருள் உணர்த்தப்படுகிறது. அவர் கோயிலில் வந்து சொல்ல, முருகனிடம் பூ வைத்துக் கேட்டு, உத்தரவானால் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். இன்னொருவருடைய கனவில் வேறொரு பொருள் வரும்வரை அது அங்கே இருக்கும். அதற்குக் கால வரையறை கிடையாது. மண் இருந்திருக்கிறது, தண்ணீர் இருந்திருக்கிறது, துப்பாக்கியும் இருந்திருக்கிறது. அடுத்து வரப்போவதை அந்தப் பொருள் முன்னறிவிக்கிறதா என்பது வேறு விவாதம், அதற்குள் நான் போகவில்லை. என்னை நிறுத்துவது அந்தப் பெட்டியின் முன் நிற்கும் மனிதர்களின் முகம். வீட்டில் கை கழுவிக் கொட்டும் அதே தண்ணீரை, குடிக்கவும் கழுவவும் முடியாதபடி ஒரு கண்ணாடிக்கு அப்பால் வைத்துவிட்டால், தண்ணீர் என்றால் என்ன என்று வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் யோசிக்கத் தொடங்குகிறார். பயன்பாட்டிலிருந்து விடுபட்ட பொருள்தான் தன் முழு உருவத்தோடு நம் கண்ணுக்குத் தெரிகிறது.

அப்படியானால் எல்லாம் நம் கற்பனைதானே என்று உங்கள் அக்கா மகன் அடுத்துக் கேட்பான். கற்பனைக்குச் செலவு கிடையாது, விடுவதற்கு உண்டு. அவனை ஒரு தீபாவளியன்று ஈரோட்டுக்குத் தெற்கே உள்ள வெள்ளோட்டுக்கு அழைத்துப் போங்கள். அங்குள்ள ஏரிக்குப் பறவைகள் வந்து தங்கிக் குஞ்சு பொரிக்கின்றன. 2022இல் அது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. சுற்றியுள்ள ஊர்களில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்தப் பறவைகளுக்குப் பூசை கிடையாது, தலபுராணம் கிடையாது. ஆனாலும் பண்டிகை நாளில் தன் பிள்ளையின் கையிலிருக்கும் வெடியை வாங்கி வைக்கிற தகப்பன் செய்வது, மரத்தடியில் மண் குதிரையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பவர் செய்வதேதான். கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவரும் இதைச் செய்யலாம் என்பதை அவனிடம் சொல்லுங்கள்.

இவ்வளவு சொன்னபின் ஒரு கசப்பையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் ஆகமாட்டேன். விடுதல் என்பது தன் கையைத் தடுத்துக்கொள்வது. ஆனால் நம் நாட்டில் புனிதம் என்ற பெயரால் அதிகம் நடந்தது அடுத்தவருடைய கையைத் தடுப்பது. சிறுவனாக இருந்தபோது எங்கள் கோயில் நோம்பியில், அதாவது திருவிழாவில், இரவெல்லாம் பறை அடித்தவர்கள் ஒரு கோட்டுக்கு அப்பால் நிறுத்தப்பட்டதையும், அவர்களுடைய விரல் பட்டுவிடாதபடி உயரத்திலிருந்து திருநீறு போடுமாறு எனக்குச் சொல்லப்பட்டதையும், நான் அப்படியே போட்டதையும் மறக்க முடியவில்லை. ஈரோட்டிலிருந்து பெரியார் 1924இல் வைக்கத்துக்குப் போய்ப் போராடியது கோயிலுக்குள் நுழையும் உரிமைக்காகக்கூட அல்ல, கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் மனிதர்கள் நடக்கும் உரிமைக்காக. புனிதத்தை விலக்கி வைப்பதாகப் புரிந்துகொண்ட சமூகம் அந்த அளவுக்குப் போகும். தன் ஆசைக்கு எல்லை கட்டுவதும், பிறருடைய நடைக்கு எல்லை கட்டுவதும் ஒரே சொல்லுக்குள் இத்தனை காலம் ஒளிந்திருந்ததால்தான், அந்தச் சொல்லின்மேல் இளைஞர்களுக்கு இன்று ஐயம் வருகிறது. அந்த ஐயம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வாயால் போற்றிக்கொண்டே கையால் எதையும் விடாமல் இருப்பது. பேரூர்ப் புராணம் நொய்யலைக் காஞ்சிமாநதி என்று கொண்டாடுகிறது. இன்றும் ஆடி அமாவாசைக்குப் பேரூர்ப் படித்துறையில் முன்னோருக்குத் திதி கொடுக்கிறோம். அதே ஆற்றில், கீழே திருப்பூரில், சாயக்கழிவைக் கலந்தோம். பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் 1992இல் கட்டி முடித்த அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று உழவர்களே கெஞ்சும் நிலை வந்தது. கடைசியில் 2011 சனவரியில் உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த ஆற்றைப் புனிதம் அல்ல என்று சொன்னவர் அன்று ஒருவரும் இல்லை. இலாபத்தில் ஒரு பங்கை அதற்காக விட்டவர்களைத்தான் காணவில்லை. திருப்பூர் பனியனைக் குறைந்த விலைக்கு வாங்கி உடுத்திய எனக்கும் அதில் பங்குண்டு.

இனி உங்கள் மரத்துக்கு வருகிறேன். கோயிலைப் பெரிதாகக் கட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. வசதி வந்த மக்கள் தங்கள் தெய்வத்துக்கு நல்ல வீடு கட்ட நினைப்பது இயல்பு. ஆனால் "மரம் வெறும் மரம்" என்று சொல்லும் பெரியவர்களிடம், அது வெறும் மரம் என்றால் அவர்களுடைய பாட்டனார் ஏன் அதை வெட்டி விற்கவில்லை என்று பணிவாகக் கேளுங்கள். அவர்கள் பஞ்சம் பார்த்தவர்கள், மரத்தின் விலை தெரிந்தவர்கள். அத்தனை தலைமுறை விட்டுவைத்ததை ஒரு கமிட்டிக் கூட்டத்தில் கைதூக்கி எடுத்துவிடலாம். ஆனால் புதிதாக ஒரு மரத்தை நட்டு, அதே தலைமுறைகளை அதனடியில் கொண்டுவந்து நிறுத்த எந்தக் கமிட்டியாலும் முடியாது. மண்டபத்தை வடபுறத்துக்கு மாற்றினால் வரைபடத்தில் ஒரு தாள்தான் மாறும்.

உங்கள் கடிதத்தில் ஒரு செய்தி என்னை இரண்டாம் முறை படிக்கவைத்தது. மண்டபம் கட்டலாமா என்று பூக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மரத்தை வெட்டலாமா என்று கேட்டதாக எழுதவில்லை. கேட்டிருக்கவில்லை என்றால், வெட்டுவதற்கு முன் அதையும் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். கேட்கும் நாளை, உங்கள் கூட்டத்தாருக்கு மட்டுமல்லாமல், அந்த மரத்தடியில் இதுவரை உருவாரம் வைத்த எல்லோருக்கும் சொல்லி அனுப்புங்கள்.