பழைய 486 கணினிக்குக் கோப்பு அனுப்ப பிளாப்பியை நம்ப வேண்டாம், சீரியல் கேபிளே போதும்

மன்னார்குடி வீட்டில் அப்பா பயன்படுத்திய, எம்எஸ்-டாஸ் 6.22 இயங்குதளம் ஓடும் 486 கணினிக்கு விண்டோஸ் 11 மடிக்கணினியிலிருந்து கோப்புகளை அனுப்ப யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்க வேண்டாம் என்பதே என் பதில். நம் காவிரிக் கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையின் ஈரம் பரணில் கிடக்கும் பிளாப்பிகளை விட்டுவைப்பதில்லை. கும்பகோணத்தில் என் சித்தப்பாவின் அச்சகத்தில் பூஞ்சை பிடித்த ஒரு பிளாப்பியை நான் அவசரப்பட்டுச் செருகியதால் டிரைவின் ஹெட் அழுக்கேறி, அதற்குப் பின் செருகிய நல்ல பிளாப்பியும் கீறல் விழுந்து வீணாயிற்று. அந்த வருத்தம் இன்னும் இருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் கணினியின் பின்புறம் ஒன்பது ஊசிகள் கொண்ட சீரியல் போர்ட் இருக்கும். மடிக்கணினிக்கு ஒரு யுஎஸ்பி-சீரியல் மாற்றியும், இரண்டுக்கும் இடையே, இரு கணினிகளை நேரடியாக இணைக்கும் ‘நல் மோடம்’ (null modem) கேபிள் ஒன்றும் வாங்குங்கள். கேபிளில் ஏழு கம்பிகளும் இருக்க வேண்டும்: ஊசிகளில் 2-ம் 3-ம், 4-ம் 6-ம், 7-ம் 8-ம் குறுக்காகவும், 5-வது ஊசியான கிரவுண்ட் நேராகவும் இணைந்திருக்க வேண்டும். மூன்று கம்பி கேபிள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் டாஸ் தன் சொந்தக் கட்டளைகளால் போர்ட்டைப் படிக்கும்போது எதிர்முனை தயாராக இருப்பதைக் காட்டும் சமிக்ஞைக்காகக் காத்திருப்பதால், அந்தக் கேபிளில் எதுவும் வந்து சேராது. எர்த் சரியில்லாத பழைய வீடுகளில் மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கணினிகளும் அணைந்திருக்கும்போதே கேபிளைச் செருகுங்கள்.

உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான் வருகிறது. கோப்பைப் பெறும் நிரல் பழைய கணினியில் இல்லை; அந்த நிரலை அனுப்பவோ, அங்கே ஏற்கெனவே ஒரு நிரல் இருந்தாக வேண்டும். இதற்கு வழி டாஸுக்குள்ளேயே இருக்கிறது. மோட் கட்டளையால் முதல் சீரியல் போர்ட்டை நொடிக்கு 1200 பிட் வேகம், பாரிட்டி இல்லை, 8 பிட், 1 ஸ்டாப் பிட் என்று அமைத்துவிட்டு, அந்தப் போர்ட்டிலிருந்து ஒரு கோப்புக்குக் காப்பி செய்யச் சொல்லுங்கள். மடிக்கணினியில், சீரியல் போர்ட் வழியே பேசும் டெரா டெர்ம் நிரலை அதே அமைப்பில் திறந்து, ஒரு சிறிய உரைக்கோப்பை அனுப்பி, கடைசியில் கன்ட்ரோல்-இசட் அழுத்தினால், டாஸ் கோப்பை முடித்துச் சேமித்துவிடும். 1981-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவான கெர்மிட் என்ற கோப்புப் பரிமாற்ற நிரல், இப்படி உரையாகவே அனுப்பக்கூடிய வடிவத்திலும், அதை மீண்டும் நிரலாக்கும், பேசிக் மொழியில் எழுதிய ஒரு சிறு நிரலோடும் கிடைக்கிறது. டாஸ் 6.22-ல் பேசிக் நிரல்களை ஓட்டும் கியூபேசிக் இருப்பதால் வேறெதுவும் தேவையில்லை. முதலில் வரும் அந்த உரையை மட்டும் யாரும் பிழை பார்ப்பதில்லை என்பதால், வேகத்தைக் கூட்டும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

கெர்மிட் பழைய கணினியில் ஓடத் தொடங்கிவிட்டால், அதன்பின் கோப்பின் ஒவ்வொரு துண்டும் (பொட்டலம்) சரிபார்க்கப்பட்டே வரும். 9600 வேகத்தில் நொடிக்குச் சுமார் 960 பைட் என்ற கணக்கில், ஒரு முழு 1.44 எம்பி பிளாப்பி அளவுக்கு ஏறத்தாழ 26 நிமிடம் ஆகும். கணினியின் உள்பாகங்களைக் காட்டும், டாஸோடு வரும் எம்எஸ்டி (MSD) நிரலில் போர்ட்டின் சில்லு (சிப்) எதுவென்று பாருங்கள்: 16550 என்றிருந்தால் அதில் வரும் பைட்டுகளைத் தற்காலிகமாகத் தாங்கிவைக்க 16 பைட் இடம் உண்டு, 115200 வரை முயலலாம், 8250 என்றிருந்தால் ஒரு பைட்டுக்கே இடம், 9600-ஐத் தாண்டாதீர்கள்.

கோப்பின் பெயரை எட்டு எழுத்து, புள்ளி, மூன்று எழுத்து என்று அனுப்பும் முன்பே சுருக்கிவிடுங்கள். தமிழ் உரை அனுப்புவதானால், யூனிகோடு டாஸுக்குப் புரியாது. அப்பாவின் கணினியில் உள்ள எழுத்துரு எந்தப் பழைய குறியேற்றத்தைச் சார்ந்ததோ அதற்கு மடிக்கணினியிலேயே மாற்றி, 8 பிட் அமைப்பிலேயே அனுப்புங்கள். 7 பிட் என்று வைத்தால் 128-க்கு மேலுள்ள தமிழ் எழுத்துகள் அத்தனையும் சிதைந்துபோகும்.