பச்சைக் கோழியும் மருந்துக்கு அடங்காத கிருமியும்: மலேசிய ஊர்களிலிருந்து வந்த கேள்வி, பதில்

செந்தூல்: அண்ணே, கோழியில் மருந்துக்கே அடங்காத கிருமி இருக்கிறது என்கிறார்கள். குழம்பில் கொதித்தாலும் சாகாதா?

சாகும் தங்கச்சி. ஆன்டிபயாடிக்கைத் தாங்குவது வேறு, சூட்டைத் தாங்குவது வேறு. தொடையின் தடித்த இடத்தில் 74 பாகை செல்சியஸ் வந்துவிட்டால் சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர், ஈ.கோலை என்று கோழியில் இருக்கும் கிருமிகள் எல்லாமே சாகும். தெர்மாமீட்டர் முனை எலும்பில் பட்டால் கணக்குத் தப்பும். சிறு துண்டு போட்டு நன்றாகக் கொதித்த குழம்பில் பயமில்லை. ஐஸ் முழுக்க விடாத கோழியைப் பொரிப்பதுதான் ஆபத்து. மேலே சிவந்துவிடும், எலும்பு ஓரம் பச்சையாகவே நிற்கும்.

பிரிக்பீல்ட்ஸ்: சமைத்தால் சாகும் என்றால் பிறகு எதற்கு இவ்வளவு பயம்?

சட்டிக்குப் போகுமுன் அது எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். கோழி வெட்டிய பலகையிலேயே பச்சடிக்கு வெள்ளரிக்காய் நறுக்குகிறோம். அந்தக் கையாலேயே உப்பு டப்பாவைத் திறக்கிறோம். கேம்பிலோபேக்டர் சில நூறு உள்ளே போனாலே போதும், நோய் வந்துவிடும். பெரும்பாலோருக்கு மாத்திரை இல்லாமலே சில நாளில் சரியாகும். குழந்தைக்கோ வயதானவருக்கோ கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டால்தான் சிக்கல். முதலில் கொடுக்கும் மருந்து கேட்காது, வேறு மருந்து கண்டுபிடிப்பதற்குள் நேரம் போய்விடும். இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. நோயே தராத ஈ.கோலைகூட தன்னிடமுள்ள எதிர்ப்பு மரபணுவை நம் குடலில் இருக்கும் கிருமிக்குக் கைமாற்றிவிட முடியும்.

பினாங்கு: மஞ்சள், உப்பு, வினிகர் போட்டு மூன்று தண்ணீர் கழுவுகிறேன். பத்தாதா அண்ணே?

வாடை போகும் அம்மா, கிருமி போகாது. இறகு பிடுங்கிய குழிகளிலும் மடிப்புகளிலும் அது ஒட்டியிருக்கும். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் பக்கத்துப் பாத்திரமெல்லாம் தெறிக்கும். கழுவாமல் மனசு கேட்காது என்றால் ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, கோழியை மெல்ல முக்கி எடுங்கள். பிறகு சிங்க்கையும் பலகையையும் சோப்புப் போட்டுத் தேய்த்து அலசிவிட்டு, 4 லிட்டர் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி வாசனையில்லாத குளோராக்ஸ் (ப்ளீச்) கலந்து ஊற்றுங்கள். வினிகர் மிச்சமிருக்கும் சிங்க்கில் அதை ஊற்றவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

கிள்ளான்: மருந்தை நிறுத்திச் சில நாள் கழித்துத்தானே பண்ணையில் கோழியை விற்கிறார்கள்?

அது இறைச்சியில் தங்கிய மருந்து குறைவதற்கு, தம்பி. மருந்தில் தப்பிப் பிழைத்துப் பெருகிய கிருமி கோழிக் குடலிலேயே இருக்கும். அறுக்கும்போது குடல் கிழிந்தால் இறைச்சியில் படியும். கோழிக்குக் கொடுக்கும் என்ரோஃபிளாக்சசின் என்ற மருந்து உடலுக்குள் சிப்ரோஃபிளாக்சசினாக மாறும், அது மனிதருக்குக் கொடுக்கும் மருந்து. அதில் தப்பிய கிருமி மனிதருக்கு வந்தால் அந்த மருந்து கேட்காது. அமெரிக்கா 2005இல் கோழிக்கு என்ரோஃபிளாக்சசினைத் தடுத்தது இதனால்தான். கடைசிக் கட்டத்துக்கு என்று டாக்டர்கள் ஒதுக்கி வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக் கால்நடைக்குக் கொடுக்க மலேசியா 2019இல் தடை போட்டது. நல்ல முடிவு.

அம்பாங்: கம்போங் கோழி (நாட்டுக்கோழி) வாங்கினால் தப்பிக்கலாமா?

மருந்து குறைவாகப் போட்டிருக்கலாம். கிருமி அதிலும் உண்டு, அதே கவனம் வேண்டும்.

பட்டர்வொர்த்: பாசாரிலிருந்து எப்படிக் கொண்டுவருவது?

கோழியைக் கடைசியாக வாங்குங்கள். இரண்டு பை போட்டுக் கட்டுங்கள், கறிவேப்பிலை, கொத்தமல்லியோடு சேர்க்காதீர்கள். பை ஓரத்தில் சொட்டும் அந்த இளஞ்சிவப்புத் தண்ணீர்தான் கீரையில் ஊறும். நம் வெயிலுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டிக்குள் (ஃபிரிட்ஜுக்குள்) போய்விட வேண்டும். 4 பாகைக்குக் கீழே, அடித்தட்டில், விளிம்புள்ள தட்டில் வையுங்கள். இரண்டு நாளுக்குள் சமைக்க முடியாதென்றால் ஃபிரீசரில் போடுங்கள். அங்கே கிருமி சாகாது, உறங்கும். ஆகவே ஐஸ் விடுவதும் கீழ்த்தட்டிலேயே நடக்கட்டும், முழுக் கோழிக்கு ஒன்றிரண்டு நாள் பிடிக்கும்.