80 பழைய பேஸ்பால் கார்டுகள்: எல்லாவற்றையும் கிரேடிங்குக்கு அனுப்பலாமா?

நியூஜெர்ஸியில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஒரு கராஜ் சேலில் 1956-ஆம் ஆண்டு டாப்ஸ் பேஸ்பால் கார்டுகள் 80 கிடைத்தன. மொத்த செட்டையும் பிஎஸ்ஏ 6 தரத்தில் சேர்க்க ஆசை. கையில் இருப்பதையெல்லாம் தரமிட அனுப்பட்டுமா? மீதியை எந்த வரிசையில் வாங்குவது?"

புதியவர்களுக்கு ஒரு வரி: பேஸ்பால் கார்டு என்பது ஆட்டக்காரரின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டை, டாப்ஸ் அதை வெளியிட்ட நிறுவனம். பிஎஸ்ஏ, கார்டின் நிலையைப் பார்த்து 10 வரை எண் கொடுத்துத் தரமிட்டு (அதுதான் கிரேடிங்), பிளாஸ்டிக் பெட்டியில் மூடித் தரும் நிறுவனம்.

முதலில் ஒரு பாராட்டு. ஆரம்பிக்க இதைவிட நல்ல செட் கிடையாது. எண்ணிட்டவை 340 கார்டுகள்தான். 1952 செட்டைப் போலக் கடைசிப் பகுதி கார்டுகள் கண்ணில் படாமல் ஓடி ஒளியும் தொல்லை இதில் இல்லை. போட்டி நிறுவனமான போமனை டாப்ஸ் விலைக்கு வாங்கியதும் 1956-இல்தான். அதனால் 1954, 1955 டாப்ஸ் செட்களில் இல்லாத நட்சத்திர ஆட்டக்காரர் மிக்கி மேன்டில் இதில் திரும்ப வந்துவிட்டார், எண் 135. இன்னொரு நட்சத்திரமான ஸ்டான் மியூசியலைத் தேடி அலைய வேண்டாம், அவர் இந்த செட்டில் இல்லவே இல்லை.

இப்போது கேள்விக்கு வருவோம். எல்லாவற்றையும் அனுப்பாதீர்கள். பெயர் தெரியாத ஓர் ஆட்டக்காரரின் கார்டு 6 வாங்கினாலும், பல சமயம் அதன் விலை கிரேடிங் கட்டணத்தையும் போகவர தபால் செலவையும்கூட ஈடு கட்டாது. அதே கார்டை யாரோ ஏற்கெனவே காசு செலவழித்துப் பெட்டியில் போட்டு விற்றுக்கொண்டிருப்பார். அவருடைய நஷ்டம் உங்களுக்கு லாபம். நீங்கள் அனுப்ப வேண்டியது நட்சத்திரங்களை மட்டும்: ஜாக்கி ராபின்சன், டெட் வில்லியம்ஸ், கிளெமென்டே, கோஃபாக்ஸ், மேஸ் மாதிரி.

அவற்றையும் அனுப்புவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். இருட்டறையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து இரண்டு பக்கமும் பாருங்கள். மடிப்புக் கோடு சின்னதாகத் தெரிந்தாலும் 6 ஆசையை விட்டுவிடலாம், 4 கிடைத்தாலே பெரிது. படம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் ஓரங்களை அளந்து பாருங்கள். 6-க்கு முன்பக்கத்தில் எதிரெதிர் ஓரங்களின் விகிதம் 80-க்கு 20 வரை பொறுத்துக்கொள்வார்கள். அதையும் தாண்டினால், எண்ணுக்குப் பக்கத்தில் 'ஓசி' (OC, படம் நடுவில் இல்லை) என்று ஒரு குறி ஒட்டிக்கொள்ளும். விற்கும்போது வாங்குபவரின் கண் முதலில் போவது அதில்தான்.

அப்புறம் ட்ரிம். தேய்ந்த ஓரத்தை நறுக்கிக் கூர்மையாக்கும் வேலை இது. 1956 கார்டு 3¾ அங்குல அகலம், 2⅝ அங்குல உயரம். சந்தேகம் வந்தால் அதே செட்டின் மலிவான கார்டு ஒன்றோடு சேர்த்து வைத்து ஒப்பிடுங்கள். நானும் ஒருமுறை ஒரு கண்காட்சியில் பளிச்சென்ற மூலைகளைப் பார்த்து மயங்கி, தரமிடாத மேன்டில் ஒன்றை வாங்கினேன். ட்ரிம் செய்திருக்கிறது என்று எண்ணே போடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று முதல் விலை உயர்ந்த கார்டைப் பெட்டியில் இருந்தால்தான் வாங்குவது. பெட்டியும் முழு உத்தரவாதம் அல்ல. பிஎஸ்ஏ முதன்முதலில் தரமிட்ட கார்டு, 8 வாங்கிய ஹோனஸ் வாக்னர். அதை ட்ரிம் செய்ததாக ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ 2013-இல் ஒப்புக்கொண்டார். போலிப் பெட்டிகளும் புழங்குகின்றன. லேபிளில் உள்ள சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கும் வரிசையில் பலரும் செய்யும் தவறு, மலிவானதை முதலில் வாங்குவது. முந்நூறு சாதாரணக் கார்டுகளைச் சேர்த்து முடித்தபின் மேன்டிலுக்குக் காசு இருக்காது. அதற்குள் அவர் விலையும் ஏறியிருக்கலாம். மேன்டிலையும் பெரிய பெயர்களையும் முதலில் முடியுங்கள். அங்கே 5 என்றாலும் சரி, படம் நடுவில் இருந்து நிறம் மங்காமல் இருந்தால் ஒதுங்கிப்போன 6-ஐவிட நான் அதைத்தான் எடுப்பேன். சாதாரணக் கார்டுகளில் 7 வாங்கிச் சராசரியைச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

எஸ்ஜிசி என்ற இன்னொரு தரமிடும் நிறுவனத்தின் பெட்டியில் நல்ல கார்டு வந்தால்? நிறுவனம் மட்டமில்லை, 2022-இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போன 1952 மேன்டில் எஸ்ஜிசி தரமிட்டதுதான். ஆனால் சேகரிப்பாளர்கள் தங்கள் செட்களைப் பதிந்து ஒப்பிடும் பிஎஸ்ஏ செட் ரெஜிஸ்ட்ரியில் பெயர் பதிய நினைத்தால் அவர்கள் பெட்டி மட்டும்தான் கணக்கில் சேரும்.

1 முதல் 180 வரையுள்ள கார்டுகள் வெள்ளை, சாம்பல் என இரண்டு பின்பக்கங்களில் வந்தன. அடிப்படை செட்டுக்கு எது இருந்தாலும் போதும். ஹாங்க் ஆரன் கார்டின் ஆட்டக் காட்சியில் சறுக்கிக்கொண்டு வருபவர் வில்லி மேஸ்! மேஸின் படத்தில் ஆரனின் அணிச் சீருடையை வரைந்துவிட்டார்கள். எல்லாப் பிரதியும் அப்படித்தான், பிழைக் கார்டு என்று கூடுதல் விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கடைசியாகத் தேட வேண்டியவை, எண்ணில்லாத இரண்டு செக்லிஸ்ட் கார்டுகள், அதாவது செட்டில் உள்ள கார்டுகளின் பட்டியல். அன்றைய பிள்ளைகள் தங்களிடம் இருப்பதைப் பென்சிலால் குறித்துக்கொண்டார்கள், அதற்காகத்தானே கொடுத்தார்கள்! குறிக்காதது கிடைப்பது அரிது. சுத்தமாகத் தெரிந்தால் அதே டார்ச்சை எடுங்கள். பென்சிலை அழித்த தடம் அந்தச் சாய்வெளிச்சத்தில் தெரிந்துவிடும்.