வாசிப்பு நேரத்தில் மட்டும் வரும் வயிற்றுவலி

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். வாசிப்பு நேரம் வந்தாலே ஏழெட்டுப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கணும், வயிறு வலிக்குது என்று நழுவுகிறார்கள். திட்டியும் பார்த்தேன், பேனா தருகிறேன் என்று ஆசை காட்டியும் பார்த்தேன். என்ன செய்யலாம்?
- ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அந்த நேரம் உங்கள் வகுப்பில் எப்படி நடக்கிறது, டீச்சர்? வரிசையாக எழுந்து நின்று ஆளுக்கொரு பத்தி வாசிக்க வேண்டுமா? அப்படியென்றால் முதலில் அதை நிறுத்துங்கள். தடுமாறினால் முன் பெஞ்சு சிரிக்கும். தனக்கு எந்தப் பத்தி வரும் என்று எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கதை எங்கே மண்டையில் ஏறும்?

அப்புறம், அந்த ஏழெட்டுப் பேரும் ஒரே ரகமாக இருக்க மாட்டார்கள். சிலருக்கு வாசிக்க வரும், பிடிக்காது. சிலருக்கு எழுத்தே இன்னும் பிடிபட்டிருக்காது. ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்காரவைத்து, மற்றவர் காதில் விழாமல் நாலு வரி வாசிக்கச் சொல்லுங்கள். உகர, ஊகார வரிசையைக் கவனியுங்கள். கா, சா, மா எல்லாவற்றுக்கும் ஒரே கால்தான். ஆனால் கு, சு, து, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளையும். அங்கேதான் முழிப்பார்கள், ஊகித்துச் சொல்வார்கள். ‘கூடை’யைக் ‘குடை’ என்று வாசிக்கிற பிள்ளைக்குப் பேனா கொடுத்து என்ன பயன்? தினம் பத்து நிமிட எழுத்துப் பயிற்சியும், பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் ஆக எளிதான ‘நுழை’ வரிசையும் போதும். எளிதிலிருந்து கடினத்துக்கு நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்திருப்பதே இதற்குத்தானே. யார் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்பதை மட்டும் வகுப்பில் சொல்லிவிடாதீர்கள்.

வாசிக்கத் தெரிந்தும் ஒதுங்குகிறவர்களுக்கு நீங்களே ஒரு கதையைச் சத்தமாக வாசியுங்கள். பேய் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, புத்தகத்தை மேஜையிலேயே மறந்தது போல வைத்துவிட்டுப் போங்கள். கிரிக்கெட் பைத்தியத்துக்கு நாளிதழின் விளையாட்டுப் பக்கம், விடுகதை பிடித்தவளுக்கு ‘ஊஞ்சல்’ சிறுவர் இதழ். எல்லாமே வாசிப்புதான். முடித்தவுடன் “கதையின் நீதி என்ன, ஐந்து வரி எழுது” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அடுத்த புத்தகத்தைத் தொடவே மாட்டார்கள்.

சரி, பள்ளிப் புத்தகங்கள் எங்கே இருக்கின்றன? பல இடங்களில் தலைமையாசிரியர் அறை பீரோவில் பூட்டிக் கிடக்கும். கிழிந்தால் ஸ்டாக் ரெஜிஸ்டருக்கு யார் பதில் சொல்வது என்ற பயம் நியாயம்தான். அவரிடம் பேசி இருபது புத்தகங்களையாவது வாங்கி, அட்டைப்படம் தெரியும்படி வகுப்பில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். வீட்டுக்குக் கேட்டால், ஒரு நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு கொடுத்தனுப்புங்கள். சிலது குழம்புக் கறையோடு திரும்பும், பரவாயில்லை. அட்டை கழன்றால் பசையும் பழைய காலண்டர் தாளும் கொடுத்துப் பிள்ளைகளையே ஒட்டச் சொல்லுங்கள்.