ராசி குணத்தைச் சொல்லுமா?

கேள்வி: என் ராசிக்குப் போட்டிருக்கும் குணங்கள் அச்சு அசலாக எனக்குப் பொருந்துகின்றன. அப்படியானால் ஜோதிடம் மனித குணத்தைப் பற்றிய அறிவியல்தானே?

பதில்: இல்லை. பொருந்துவதாக உங்களுக்குத் தோன்றுவதை நான் மறுக்கவில்லை, ஆனால் அது எல்லோருக்கும் தோன்றும். 1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணத் தேர்வு வைத்து, ஒரு வாரம் கழித்து ‘இதுதான் உங்கள் குணம்’ என்று ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். மற்றவர்களுக்கு உங்களைப் பிடிக்க வேண்டும் என்று ஏங்குகிறீர்கள், உங்களையே அதிகம் குறை சொல்லிக்கொள்கிறீர்கள், இந்த மாதிரி வரிகள். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டார்கள் மாணவர்கள்! அப்புறம்தான் தெரிந்தது, எல்லோர் கையிலும் இருந்தது ஒரே வாசகம், அதுவும் பெரும்பாலும் கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

சரி, முழு ஜாதகம் வேறல்லவா என்பீர்கள். ஷான் கார்ல்சன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1985-ல் வெளியிட்ட சோதனை அதைத்தான் பார்த்தது: ஒரு ஜாதகம், மூன்று பேரின் குண விவரங்கள், இதில் எது அந்த ஜாதகக்காரருடையது? ஜோதிடர்கள் சரியாகச் சொன்னது ஏறக்குறைய மூன்றில் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் அவ்வளவு வரும்.

ஆறுதலுக்காக ஜாதகம் பார்ப்பவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ராசியைக் கேட்டுவிட்டு ‘இவன் முரடன், இப்படித்தான் இருப்பான்’ என்று ஒரு சின்னப் பிள்ளைக்கு முத்திரை குத்துகிறார்களே, அதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.