இறால் ஓட்டு பேட்டரியைத் தொட்டியில் புதைக்கலாமா?

கேள்வி: என் மகன் மின்சைக்கிளில் உணவு விநியோகம் செய்கிறான். ராத்திரியெல்லாம் பேட்டரி கூடத்தில் சார்ஜில் கிடக்கும். எனக்குத் தூக்கமே வருவதில்லை. இறால் ஓட்டில் செய்த, தீப்பிடிக்காத, மண்ணில் மக்கும் பேட்டரி வந்துவிட்டது என்கிறான். நிஜமா? பழசானால் பூந்தொட்டியில் புதைத்துவிடலாமா?
– ஒரு வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: தொட்டியில் மட்டும் புதைத்துவிடாதீர்கள் அம்மா. மகன் படித்தது அநேகமாக 2022இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் செய்த பேட்டரியைப் பற்றி இருக்கும். இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசான்தான் அதில் மின்பகுளி, அதாவது இரு முனைகளுக்கும் நடுவே அயனிகள் நகர வழிவிடும் பொருள். அந்த மின்பகுளி மண்ணில் 5 மாதத்தில் சிதைந்தது. ஆனால் அது துத்தநாக பேட்டரி. உங்கள் வீட்டுக் கூடத்தில் கிடப்பது லித்தியம்.

பாலிடெக்னிக் ஆய்வுக்கூடத்தில் இருந்த காலத்தில் கைட்டோசான் படலம் வார்த்திருக்கிறேன். பொடியை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் போட்டு ராத்திரி முழுக்கக் கலக்க விடுவோம். அறையே புளிக்காடி வாடை அடிக்கும். மறுநாள் தட்டில் ஊற்றி ஓவனில் உலர்த்தினால் வெளிர்மஞ்சள் படலம் உரிந்து வரும். சூட்டோடு எடுத்தால் அப்பளம் மாதிரி சடசடக்கும். நம் ஊர்க் காற்றில் மேசைமேல் வைத்துவிட்டு ஒரு தே குடித்து வருவதற்குள் தொய்ந்துவிடும். லித்தியம் பேட்டரிக்காக அதில் லித்தியம் உப்பு கலந்தால் கேட்கவே வேண்டாம், அதுவும் ஈரத்தை இழுக்கும். லித்தியம் உலோகத்துக்கோ ஈரம் எமன். அதனால்தான் ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டிக்குள் கையுறை வழியாகக் கைவிட்டு இந்த வேலையைச் செய்கிறார்கள். உள்ளே ஈரம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கவேண்டும். சுலபமாக மக்கும் பொருள் பெரும்பாலும் தண்ணீரோடு உறவாடும் பொருள். சிக்கலே அங்கேதான். பாலிகேப்ரோலாக்டோன் என்று ஒரு பிளாஸ்டிக் இருக்கிறது. மக்கும், ஈரமும் அவ்வளவாகக் குடிக்காது. எனக்கு அதன்மேல்தான் நம்பிக்கை. ஆனால் மக்க நாளாகும், 60 டிகிரியில் உருகியும் விடும்.

தீ விஷயத்துக்கு வருகிறேன். இப்போதுள்ள பேட்டரிகளில் எரியக்கூடிய திரவம் இருக்கிறது. அதற்குப் பதில் திடமான பாலிமர், அதாவது பிளாஸ்டிக் போல நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருள், என்பது நல்ல யோசனைதான். பாலிஎத்திலீன் ஆக்சைடு என்ற பாலிமரில் உப்பைக் கரைத்தால் மின்சாரம் கடத்தும் என்பது 1970களிலேயே தெரியும். பாலிமர் சங்கிலி அசைய அசையத்தான் லித்தியம் நகரும். சாதாரண வெப்பத்தில் சங்கிலி விறைத்துப்போகிறது, கடத்துதிறன் திரவத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைகிறது. 2017 டிசம்பரில் இங்கே ஓடத் தொடங்கிய புளூஎஸ்ஜி வாடகை மின்கார்களில் இருந்தது இந்த வகை பேட்டரிதான். வேலை செய்ய 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கவேண்டும். இதே வகை பேட்டரி பொருத்திய இரண்டு பேருந்துகள் 2022 ஏப்ரலில் பாரிஸில் எரிந்தன. 149 பேருந்துகளை நிறுத்திவைத்தார்கள். ஆக, திடமென்றால் தீப்பிடிக்காது என்று மகன் அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

மக்கும் என்பதிலும் மக்குவது நடுவிலிருக்கும் மெல்லிய படலம் மட்டும். நிக்கல், கோபால்ட், தாமிரம் எதுவும் மக்காது. உப்பிலுள்ள ஃபுளோரின் சேர்மம் லேசில் சிதையாது. போகட்டும், நம் ஊரில் குப்பையை யார் மண்ணில் புதைக்கிறார்கள்? எரியாலைக்குப் போய்ச் சாம்பலாகி செமக்காவ் தீவில் சேர்கிறது. அதனால் சிங்கப்பூருக்கு மக்கும் பேட்டரியைவிட, சுலபமாகப் பிரித்தெடுக்கக்கூடிய பேட்டரிதான் தேவை என்பேன். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2020இல் ஆரஞ்சுத் தோலைக் கொண்டு பழைய பேட்டரியிலிருந்து உலோகங்களை மீட்டுக் காட்டினார்களே, அந்த வழி.

இப்போதைக்கு, ராத்திரி சார்ஜ் வேண்டாம் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். விழித்திருக்கும்போது, வாசலை அடைக்காத இடத்தில், பேட்டரியோடு வந்த சார்ஜரிலேயே போடட்டும். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. பழையதைச் சாதாரணக் குப்பையில் போடாமல் மின்னியல் கழிவாகக் கொடுக்கவேண்டும். எங்கே கொடுப்பது என்று வாங்கிய கடையிலேயே கேட்கச் சொல்லுங்கள்.